பெட்ரோலுக்கு ஒரு சோளம், முட்டைக்கு ஒரு சோளமா? மக்காச்சோள முத்துக்குள்ள இருக்கற கணக்கு

டெல்லியில எந்த பம்ப்புக்குப் போனாலும் இப்ப ஈ20 தான், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுல கலக்கற எத்தனால்ல பெரிய பங்கு மக்காச்சோளத்துல இருந்து வருது. கோழிப்பண்ணைக்காரங்க சோளம் விலை ஏறிடுச்சு, தீவனம் கட்டுபடியாகலைங்கறாங்க. அமெரிக்காக்காரன் எங்க சோளத்தையும் வாங்கிக்கோன்னு வர்த்தகப் பேச்சுல கேட்டுட்டு இருக்கான். நடுவுல டெல்லி விவசாய ஆராய்ச்சி நிலையமான பூசா இன்ஸ்டிட்யூட்ல சத்து அதிகமான சோளம் வந்திருக்குன்னு ஒரு ஃபார்வர்ட் மெசேஜ், அதுக்குக் கீழயே "இது ஜிஎம், தொடாதீங்க"ன்னு இன்னொரு மெசேஜ் (ஜிஎம்னா வேற உயிரோட ஜீனை லேப்ல சொருகின பயிர்). ஆர்.கே.புரத்துல இருந்து மயூர் விஹார் வரைக்கும் நம்ம ஆளுங்க குரூப்ல இந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு கலந்து குழம்பா கொதிக்குது.

நாலுக்கும் அடியில கிடக்கறது ஒரே விஷயம்தான். ஒரு மக்காச்சோள முத்துக்குள்ள ஸ்டார்ச் எவ்வளவு, ப்ரோட்டீன் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, அதை மனுஷன் எவ்வளவு தூரம் மாத்த முடியும், மாத்தினா அதுக்கு எங்க விலை கொடுக்கணும். இதை உக்காந்து பொறுமையா சோதிச்சுப் பாத்த ஒரு பரிசோதனை இருக்கு, 1896ல ஆரம்பிச்சு நூறு தலைமுறை தாண்டிப் போனது. அதுல இருந்து பிடிச்சுட்டு வந்தா இன்னிக்கு நியூஸ் தானா பிடிபடும்.

முதல்ல முத்துக்குள்ள என்ன இருக்கு

மழை நேரத்துல ரோட்டோரம் கரியில வாட்டி எலுமிச்சம்பழமும் மசாலாவும் தேச்சுக் குடுக்கற புட்டா இருக்கே, அதைக் கடிக்கும்போது முத்தோட அடிப்பக்கம் கொஞ்சம் கெட்டியா ஒரு சின்னத் துண்டு தட்டுப்படும். அதுதான் முளை. மத்த பெரும்பகுதி மாவு. மேல ஒரு தோல், அது பல்லுல மாட்டறதுக்குன்னே இருக்கு.

நல்லா காஞ்ச முத்துல சுமாரா இப்படி இருக்கும்:

1. ஸ்டார்ச்: கிட்டத்தட்ட 70 சதவீதம். எல்லாம் மாவுப் பகுதியில. எத்தனால் கம்பெனிக்கு வேண்டியது இது மட்டும்தான்.

2. ப்ரோட்டீன்: 9, 10 சதவீதம். மாவுலயும் இருக்கு, முளையிலயும் இருக்கு, ஆனா ரெண்டும் ஒரே தரம் இல்ல. இந்த வித்தியாசத்துக்குப் பின்னாடி வரேன், விஷயமே அங்கதான் இருக்கு.

3. எண்ணெய்: 4 சதவீதம் பக்கம். இதுல பெரும்பகுதி முளையில. அதனால எண்ணெய் கூடணும்னா பெரும்பாலும் முளை பெருசாகணும்.

மிச்சம் நாரும் சாம்பல் சத்தும்.

இங்க சதவீதத்துல ஒரு ஏமாத்து வேலை உண்டு. எல்லாம் 100க்குள்ள அடங்கணும், ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கித்தான் ஆகணும். மழை பொய்ச்சு முத்து சூம்பிப் போனா ஸ்டார்ச் சரியா நிரம்பாது, அப்ப ப்ரோட்டீன் சதவீதம் தானா கூடின மாதிரி காட்டும். ஏக்கருக்கு ப்ரோட்டீன் கூடியிருக்காது, மூட்டைதான் குறைஞ்சிருக்கும். யாராவது "எங்க சோளத்துல ப்ரோட்டீன் ஜாஸ்தி"ன்னா விளைச்சல் என்னன்னு சேத்துக் கேக்கணும்.

1896ல இல்லினாய்ல என்ன பண்ணாங்க

அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டி, அர்பானா ஊரு. சிரில் ஹாப்கின்ஸ்னு ஒரு வேதியியல்காரர். அவருக்கு வந்த சந்தேகம் ரொம்ப சாதாரணமானது. விவசாயிங்க காலங்காலமா பெரிய கருதா, முத்து நெருக்கமா இருக்கறதா பாத்து விதைக்கு எடுத்து வெக்கறாங்க, நம்ம ஊர்ல கூட நல்ல கருதைப் பாத்து கூரையில கட்டித் தொங்க விடற வழக்கம் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியற குணத்தை இப்படிப் பொறுக்கி விதைச்சு மாத்த முடியும்னா, கண்ணுக்கே தெரியாத ப்ரோட்டீனையும் எண்ணெயையும் லேப்ல அளந்து பொறுக்கினா அதுவும் மாறுமா?

சிக்கல் என்னன்னா அளக்கணும்னா முத்தை அரைக்கணும், அரைச்ச முத்தை விதைக்க முடியாது. ஹாப்கின்ஸ் இதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் மொத்தப் பரிசோதனைக்கும் சாவி. ஒரே கருதுல இருக்கற முத்துங்க எல்லாம் கலவையில ஏறத்தாழ ஒண்ணு போலதான் இருக்குன்னு முதல்ல அளந்து நிச்சயம் பண்ணிக்கிட்டார். அப்புறம் என்ன, ஒரு கருதுல இருந்து கொஞ்சம் முத்தை எடுத்து அரைச்சுப் பாக்கறது, ரிசல்ட் பிடிச்சிருந்தா மீதி முத்தை விதைக்கறது. ஒவ்வொரு கருதையும் ஒரு தனி வரிசையா விதைச்சாங்க, எந்த வரிசை எந்தத் தாய்க் கருதோடதுன்னு கணக்கு இருக்கும்.

அவர் எடுத்தது பர்ஸ் ஒயிட்ங்கற நாட்டு வெள்ளைச் சோளம், காத்துல மகரந்தம் பறந்து தானா கலக்கற ரகம், 163 கருது. சராசரி ப்ரோட்டீன் 10.9 சதவீதம், எண்ணெய் 4.7 சதவீதம். அதுல இருந்து நாலு பாதை பிரிச்சார்:

1. ப்ரோட்டீன் அதிகம் இருக்கற கருதை மட்டும் பொறுக்கற லைன்.
2. ப்ரோட்டீன் கம்மியா இருக்கறதைப் பொறுக்கற லைன்.
3. எண்ணெய் அதிகம்.
4. எண்ணெய் கம்மி.

வருஷத்துக்கு ஒரு போகம், ஒரு போகத்துக்கு ஒரு தலைமுறை. அறுவடை, அளவு, பொறுக்கல், விதைப்பு, மறுபடி அறுவடை. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல கொஞ்ச வருஷம் நின்னுச்சு, மத்தபடி ஓடிட்டே இருந்துச்சு. ஹாப்கின்ஸ் 1919லயே இறந்துட்டார், பின்னாடி வந்தவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கையில வாங்கி ஓட்டினாங்க. இதை ஆரம்பிச்சப்போ மெண்டலோட பட்டாணிக் கணக்கே உலகத்துக்குத் திரும்பத் தெரிய வரல, அது 1900ல. ஜீன்ங்கற வார்த்தை அதுக்கும் பின்னாடி. ஒண்ணும் தெரியாமயே சரியான இடத்துல கையை வெச்சிருக்கார் மனுஷன்.

நூறு தலைமுறை கழிச்சு

அதிக ப்ரோட்டீன் லைன் 10.9ல இருந்து 30 சதவீதம் பக்கம் போயிடுச்சு. கம்மி ப்ரோட்டீன் லைன் 4, 5 சதவீதத்துல வந்து உக்காந்துடுச்சு. அதிக எண்ணெய் லைன் 4.7ல இருந்து 20 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. கம்மி எண்ணெய் லைன் ஒரு சதவீதத்துக்கும் கீழ இறங்கி, அதுக்கு மேல வித்தியாசம் அளக்கறதே கஷ்டமாகி, முளைப்பும் மோசமாகி, கடைசியில தொடர முடியாம நிறுத்திட்டாங்க.

இந்த நாலும் ஒரே மூட்டைச் சோளத்தோட பேரப்பிள்ளைங்க. வெளியில இருந்து ஒரு விதை கூட சேக்கல. ஒரு தலைமுறைக்கு எவ்வளவு நகர்ந்திருக்குன்னு வகுத்துப் பாத்தா ப்ரோட்டீன்ல 0.2 கூட இல்ல, எண்ணெய்ல 0.15 மாதிரி. ஒரு வருஷ ரிசல்ட்டை மட்டும் பாத்திருந்தா யாரும் ஒண்ணும் மாறலைன்னுதான் சொல்லியிருப்பாங்க.

இதுல பயங்கரமா குழப்பற கேள்வி ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல இருந்த 163 கருதுல அதிகபட்ச ப்ரோட்டீனே 14 சதவீதத்தைத் தொடல, எண்ணெய் அதிகபட்சம் 6 பக்கம். இல்லாத 30ம் 20ம் எங்க இருந்து வந்துச்சு?

காசு சுண்டிப் பாருங்க

ப்ரோட்டீன் அளவை ஒரே ஒரு ஜீன் தீர்மானிக்கல, நிறைய ஜீன் ஆளுக்குக் கொஞ்சமா தள்ளுது. கணக்குக்கு 20 ஜீன்னு வெச்சுக்கலாம். ஒவ்வொண்ணும் ரெண்டு காப்பி, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, ஆக 40 காசு. தலை விழுந்தா ப்ரோட்டீன் கொஞ்சம் கூடும், பூ விழுந்தா குறையும். 40 காசைச் சுண்டினா சாதாரணமா 20 பக்கம் தலை விழும், அதிர்ஷ்டம் இருந்தா 28. 40ம் தலையா விழணும்னா சுமார் 1.1 லட்சம் கோடி தடவை சுண்டினா ஒரு தடவை வரலாம். 163 கருதுக்குள்ள அதைத் தேடினா எப்படிக் கிடைக்கும்?

ஆனா 28 தலை விழுந்த செடியை இன்னொரு 28 தலைச் செடியோட கலந்தா, அடுத்த தலைமுறை சராசரியே மேல போயிடும், அங்க இருந்து அதிர்ஷ்டசாலிங்களைப் பொறுக்கலாம். இப்படியே படி ஏறினா முதல் வயல்ல யாருமே பாக்காத கூட்டணி கொஞ்சம் கொஞ்சமா சேந்து வரும். சரக்கு எல்லாம் முதல் நாளே அந்த மூட்டையில சிதறிக் கிடந்துச்சு, ஒரே முத்துக்குள்ள சேராம இருந்துச்சு, அவ்வளவுதான். நூறு வருஷத்துல புது மியூட்டேஷனும் கொஞ்சம் கை குடுத்திருக்கும், ஆனா மொத்தத்தையும் அது தலையில கட்ட வேண்டியதில்ல.

இது சும்மா காகிதக் கணக்கு இல்லைன்னு ரெண்டு விஷயத்துல தெரிஞ்சுது.

1. திருப்பி ஓட்டினது. 48 தலைமுறைக்கு அப்புறம் நாலு லைன்ல இருந்தும் கொஞ்சம் விதை பிரிச்சு, திசையைத் திருப்பிட்டாங்க. அதிக ப்ரோட்டீன் லைன்ல இப்ப கம்மியானதைப் பொறுக்கு, கம்மியில அதிகமானதைப் பொறுக்கு. ப்ரோட்டீனும் எண்ணெயும் திரும்பி நடக்க ஆரம்பிச்சுடுச்சு. 48 வருஷம் ஒரே பக்கம் பொறுக்கியும் எதிர்ப்பக்கத்து ஜீனெல்லாம் தீந்து போகல, உள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கு.

2. ஜீன் எங்கங்க இருக்குன்னு தேடினது. 2004ல வெளியான ஒரு ஆராய்ச்சியில அதிக எண்ணெய், கம்மி எண்ணெய் ரெண்டு லைனையும் கலந்து அலசினாங்க. எண்ணெய்க்கு மட்டும் 50 இடம் பக்கம் சிக்குச்சு, ஒவ்வொண்ணோட பங்கும் சின்னது, எல்லாம் சேந்தும் மரபு வித்தியாசத்துல பாதியைத்தான் விளக்குச்சு. நான் மேல 20 ஜீன்னு சொன்னது ரொம்பக் கஞ்சத்தனம்.

இதுக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. வேற ஒரு அதிக எண்ணெய்ச் சோளத்துல 2008ல ஒரு ஜீனைப் பிடிச்சாங்க, எண்ணெய் உற்பத்தியில கடைசிப் படி வேலை பாக்கற என்சைமோடது. அதுல ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதலா இருந்தா எண்ணெய் கணிசமா ஏறுது. வேடிக்கை என்னன்னா அந்த அதிக எண்ணெய் வடிவம்தான் பழசு, இன்னிக்கு வயல்ல இருக்கற சாதாரண வடிவம் பின்னாடி வந்தது. மூட்டை கனமா வேணும் கனமா வேணும்னு பொறுக்கிட்டு வந்ததுல பழசு ஓரமா போயிடுச்சு போல.

எதுவும் பொறுக்க வித்தியாசம் இல்லாத இடத்துல இந்த வித்தை எடுபடாது, அதையும் சொல்லிடணும். ஜோஹான்சன்னு டென்மார்க்காரர் 1903ல தனக்குத்தானே மகரந்தம் சேத்துக்கற பீன்ஸ்ல காட்டினார், ஒரே சுத்தமான வம்சத்துக்குள்ள பெரிய கொட்டையா பொறுக்கினாலும் சின்னதா பொறுக்கினாலும் பிள்ளைங்க ஒரே சைஸ்தான். மக்காச்சோளம் அப்படி இல்ல. ஆண் பூ உச்சியில, பெண் கருது நடுவுல, காத்து எங்க இருந்து தூளைக் கொண்டு வருதோ அதுதான் அப்பா. ஒரே கருதுல பக்கத்துப் பக்கத்து முத்துக்குக் கூட அப்பா வேற வேற. இவ்வளவு கலப்பு இருக்கறதாலதான் பொறுக்கறதுக்கு சரக்கு தீராம இருக்கு.

பில் எங்க வருது

அப்ப 30 சதவீத ப்ரோட்டீன் சோளத்தை நாடு பூரா போட்டா சத்துக் குறைபாடே தீந்துடுமேன்னு தோணும். யாரும் போடல. காரணம் செடியோட சமையக்கட்டுக் கணக்கு.

இலை வெயில்ல தயாரிக்கறது சர்க்கரை. அந்தச் சர்க்கரையில இருந்துதான் எல்லாத்தையும் செய்யணும். 100 கிலோ க்ளூக்கோஸ் குடுத்தா செடியால சுமார் 83 கிலோ ஸ்டார்ச் செய்ய முடியும். அதே 100 கிலோவுல ப்ரோட்டீன் செஞ்சா 40 கிலோதான் தேறும். எண்ணெய் செஞ்சா 33. மீதியெல்லாம் செய்கூலி, அந்த மாத்தற வேலைக்கே எரிஞ்சு போயிடும். ஒரே வெயில், ஒரே தண்ணி, ஒரே நிலம், ஆனா எண்ணெய்க்கும் ப்ரோட்டீனுக்கும் சர்க்கரையைத் திருப்பிவிட்டா மூட்டை எண்ணிக்கை குறைஞ்சே தீரும். அதுக்கு மேல ப்ரோட்டீனுக்கு நைட்ரஜன் வேணும், அதாவது யூரியா.

இல்லினாய் லைனுங்களும் அப்படித்தான், சதவீதத்துல ராஜா, விளைச்சல்ல ஆண்டி. 1990கள்ல அமெரிக்காவுல எண்ணெய் அதிகமான சோளம் வியாபாரத்துக்கே வந்துச்சு, சாதாரணத்தை விட மூணு நாலு சதவீதம் கூடுதல், கால்நடைத் தீவனத்துக்குக் கொழுப்பு தனியா வாங்க வேண்டாம்னு வித்தாங்க. கூடுதல் விலை குடுத்தாதான் விவசாயிக்கு லாபம், அந்த விலை நிலையா நிக்கல, ஓஞ்சு போச்சு.

கீழ்ப்பக்கம் எல்லை வேற மாதிரி. முளையே இல்லாம விதை இல்ல, என்சைம் இல்லாம முளைக்காது, அதனால கம்மி லைனுங்க ஒரு தரையைத் தட்டி நின்னுடுச்சு. மேல்பக்கம் இன்னும் கூரை தெரியல.

ப்ரோட்டீன் அதிகம்னா நல்ல ப்ரோட்டீனா?

இங்கதான் பூசா மெசேஜ் குழப்பம். அதிக ப்ரோட்டீன் சோளம், தரமான ப்ரோட்டீன் சோளம், ரெண்டும் ரெண்டு தனி ஜாதி. நியூஸ்ல ரெண்டையும் ஒண்ணாக்கி எழுதிடறாங்க.

ப்ரோட்டீன்ங்கறது அமினோ அமிலம் கோத்த மாலை. நம்ம உடம்பு செய்ய முடியாத சில மணிகளை சாப்பாட்டுல இருந்துதான் எடுக்கணும், அதுல லைசின், ட்ரிப்டோஃபான் ரெண்டும் மக்காச்சோளத்துல ரொம்பக் கம்மி. ஏன்னா மாவுப் பகுதி ப்ரோட்டீன்ல பாதிக்கு மேல ஸீன்னு ஒரு வகை, அது விதை தனக்காக நைட்ரஜனை சேமிச்சு வெக்கற குடோன். அதுல லைசின் இல்லவே இல்லன்னு சொல்ற அளவுக்குத்தான் இருக்கு.

இல்லினாய்ல ப்ரோட்டீன் அளந்தது எப்படின்னா நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கறது. நைட்ரஜன் எந்த மாலையில இருந்து வந்துச்சுன்னு அந்த அளவுக்குத் தெரியாது. செடிக்கு நைட்ரஜனைக் கூட்ட எளிய வழி குடோனைப் பெருசாக்கறது. அதான் நடந்துச்சு, கூடின ப்ரோட்டீன்ல பெரும்பகுதி ஸீன். நீ எதை அளக்கறயோ அதைத்தான் செடி குடுக்கும், நீ மனசுல நினைச்சதை இல்ல. எக்ஸாம்ல மார்க்கை மட்டும் பாத்தா பையன் மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிப்பானே, அந்தக் கதை.

தரத்துக்கான கதவு வேற இடத்துல திறந்துச்சு. 1964ல அமெரிக்காவுல பர்டூ யுனிவர்சிட்டியில மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் மூணு பேரும் ஒபேக்-2ங்கற மியூட்டேஷன்ல லைசின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. மொத்த ப்ரோட்டீன் கூடல, ஸீன் குறைஞ்சு அந்த இடத்தை நல்ல ப்ரோட்டீன் பிடிச்சுது. இதைத் தின்ன எலிங்க சாதாரண சோளம் தின்ன எலியை விட மூணு மடங்குக்கு மேல எடை போட்டுச்சு. உலகமே குதிச்சுது. இந்தியாவும் விடல, 1971லயே சக்தி, ரத்தன், ப்ரோட்டினானு மூணு ரகம் வெளியிட்டாங்க.

ஓடல. காரணங்கள்:

1. முத்து மெத்துனு சுண்ணாம்பு மாதிரி ஆயிடுது, பூச்சி ஈஸியா துளைச்சுடும், எடையும் கம்மி.

2. அந்த ஜீன் ரெண்டு காப்பியும் இருந்தாதான் வேலை செய்யும். பக்கத்து வயல் சாதாரண சோளத்தோட தூள் காத்துல வந்து விழுந்தா அந்த முத்துல அந்த வருஷமே தரம் போச்சு. நம்ம ஊர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டு வயல்ல இதை எப்படித் தடுக்கறது?

3. உள்ள சத்து கூடியிருக்கறது பாத்தா தெரியாது, மண்டியில கூட ஒரு ரூபா தரமாட்டான்.

முதல் காரணத்தை மட்டும் சரி பண்ணவே பல வருஷம் ஆச்சு. மெக்சிகோவுல இருக்கற சிம்மிட்ங்கற மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்துல நம்ம நாட்டுக்காரர் சுரிந்தர் வாசலும், வேதியியல்காரர் எவாஞ்சலினா வில்லேகாஸும் சேந்து, முத்தைத் திரும்பக் கெட்டியாக்கற துணை ஜீன்களைக் கொஞ்சம் கொஞ்சமா பொறுக்கிச் சேத்தாங்க, ஒவ்வொரு தலைமுறையிலயும் லைசினையும் அளந்துக்கிட்டே. ஹாப்கின்ஸ் பண்ண அதே வேலை, அளவுகோல் மட்டும் வேற. இதுக்குப் பேரு தர ப்ரோட்டீன் மக்காச்சோளம், சுருக்கமா க்யூபிஎம். ரெண்டு பேருக்கும் 2000ல உலக உணவுப் பரிசு கிடைச்சுது.

நம்ம பக்கம் 2008ல உத்தராகண்ட் அல்மோரா ஆராய்ச்சி நிலையத்துல இருந்து விவேக் க்யூபிஎம் 9 வந்துச்சு. 2017ல டெல்லி பூசாவுல இருந்து பூசா விவேக் க்யூபிஎம் 9 இம்ப்ரூவ்டு, இதுல லைசின், ட்ரிப்டோஃபானோட சேத்து வைட்டமின் ஏ ஆகற சத்தும் கூடுதல். ஃபார்வர்ட் மெசேஜ்ல சுத்தறது இந்த வகைதான். பூசாங்கற பேரே பீகார் ஊரு, 1934 பூகம்பத்துல அங்க கட்டடம் நாசமாகி 1936ல இன்ஸ்டிட்யூட் இங்க மாறி வந்துச்சு, பேரும் கூடவே ரயிலேறி வந்துடுச்சு.

இது ஜிஎம்மா?

இல்ல. இல்லினாய் லைன், ஒபேக்-2, பூசா ரகம் எதுலயும் வெளி உயிரோட ஜீனைக் கொண்டு வந்து சொருகல. பூசா ரகங்கள்ல டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி எந்த நாத்துல வேண்டிய ஜீன் இருக்குன்னு பாத்துப் பொறுக்கறாங்க, கலக்கறது பழைய மகரந்த வழிதான். டெஸ்ட் பண்றதும் மாத்தறதும் ஒண்ணு இல்ல, ரத்தம் டெஸ்ட் பண்ணா ரத்தம் மாறிடுதா? இந்தியாவுல அதிகாரப்பூர்வமா வியாபாரத்துக்கு விளையற ஜிஎம் பயிர் 2002ல வந்த பிடி பருத்தி மட்டும்தான். அமெரிக்கச் சோளத்துல பெரும்பாலானது ஜிஎம், வர்த்தகப் பேச்சு முட்டிக்கறது அங்கதான், அது வேற சண்டை.

இப்ப டெல்லிக்கு வருவோம்

ஒரு டன் மக்காச்சோளத்துல சுமார் 380 லிட்டர் எத்தனால் வரும். 40 லிட்டர் ஈ20 போட்டா அதுல 8 லிட்டர் எத்தனால், அது முழுக்க சோளத்துல இருந்து வந்ததுன்னு வெச்சா 21 கிலோ சோளம். முட்டைக்கோழி ஒண்ணு நாளைக்கு 110 கிராம் மாதிரி தீவனம் தின்னும், அதுல பாதிக்கு மேல சோளம். கணக்குப் போட்டா உங்க ஒரு ஃபுல் டேங்க்ல 300 முட்டைக்கு மேல வர்ற சோளம் ஓடுது. ஹரியானா பர்வாலா பண்ணைக்காரரும் நாமக்கல் பண்ணைக்காரரும் ஒரே குரல்ல கத்தறது இதனாலதான். ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த நாடு 2024ல இறக்குமதி பக்கம் சாஞ்சுது, ஜிஎம் இல்லாத சோளம் வேணும்னு மியான்மர், உக்ரைன்னு தேடிப் போனாங்க. மைலேஜ் சண்டைக்கு ஒரு வரி: எத்தனால்ல லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு எனர்ஜி கம்மி, 20 சதவீதம் கலந்தா கணக்குப்படி 6, 7 சதவீதம் குறையும்.

ஆனா எத்தனால் கம்பெனி முத்தை முழுசா தின்னுடறதில்ல. ஸ்டார்ச்சை ஈஸ்ட் தின்னு எத்தனாலாவும் கரியமில வாயுவாவும் ஆக்கிடுது, ப்ரோட்டீன், எண்ணெய், நார் எல்லாம் மிஞ்சிக் காஞ்சு டிடிஜிஎஸ்னு மூட்டையில திரும்பி வரும், டன்னுக்கு 300 கிலோ மாதிரி. மூணுல ரெண்டு பங்கு போனதால மிச்சம் இருக்கற எல்லாம் மூணு மடங்கா கெட்டிப்படும். 9 சதவீத ப்ரோட்டீன் 27 ஆகும், தீவனத்துக்கு நல்லது. சோளத்துல பூஞ்சை விஷம் அஃப்லடாக்ஸின் இருந்தா அதுவும் மூணு மடங்கு, கோழிக்கு ஆபத்து. லைசின் பற்றாக்குறையும் அப்படியே கூட வரும். இந்த டிடிஜிஎஸ் மலிவா குவிஞ்சதுல சோயா புண்ணாக்கு விலை அடி வாங்கினது தனிக்கதை.

ஆக ஒரே முத்து மேல மூணு பேர் கை வெச்சிருக்காங்க:

1. எத்தனால்காரனுக்கு ஸ்டார்ச் ஏறணும். இது விவசாயிக்கும் வசதி, செய்கூலி கம்மியான சரக்கு, மூட்டை கனக்கும்.

2. கோழிக்காரருக்கு லைசின் வேணும், ஆனா அவர்கிட்ட மாத்து வழி இருக்கு, ஃபேக்டரி லைசினை வாங்கித் தீவனத்துல கலந்துடுவார். க்யூபிஎம்முக்கு அவர் குடுக்கத் தயாரா இருக்கற கூடுதல் விலை அந்த லைசின் பாக்கெட் விலையைத் தாண்டாது.

3. மக்காச்சோளத்தையே முக்கியச் சாப்பாடா சாப்பிடற வீடு. மக்கி ரொட்டிக்குப் பக்கத்துல பருப்பு இருந்தா லைசின் பெருமளவு சரியாயிடும். பருப்பு வாங்க முடியாத வீட்டுக்குத்தான் க்யூபிஎம் உண்மையிலயே வேணும், அந்த வீடு மண்டியில கூட விலை கேக்கற நிலையில இல்ல.

என் கணிப்பு, சந்தையை அது போக்குல விட்டா முதல் ஆள்தான் ஜெயிப்பான். சோளம் ஸ்டார்ச் பக்கம் மெதுவா, வருஷத்துக்குக் கண்ணுக்கே தெரியாத அளவு நகரும், யாரும் முடிவெடுக்காமயே. 1896ல ஹாப்கின்ஸ் வேணும்னே பண்ணதை இப்ப விலை பண்ணும்.

அரசாங்கம் 2025-26க்கு மக்காச்சோளத்துக்கு வெச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபா. அதுல ப்ரோட்டீனுக்குன்னோ லைசினுக்குன்னோ தனி விலை கிடையாது. மண்டியில வியாபாரி மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி எடுப்பார், ஈரப்பதம் பாக்கற மெஷின்ல போடுவார், 14க்குக் கீழ இருந்தா சரின்னு தலையாட்டுவார். ஒளியை அடிச்சு ஒரு நிமிஷத்துல ப்ரோட்டீன், எண்ணெய் எல்லாம் சொல்ற மெஷின் பெரிய ஃபீட் மில்லுல எல்லாம் இருக்கு. மண்டித் தராசுக்குப் பக்கத்துல வெச்சுக்கறது இன்னும் அந்த ஈரப்பத மெஷினைத்தான்.